காலிக் குழாயின் தீர்ப்பு

பித்தளைத் தகட்டைக் கழற்ற வந்தவன் திருப்புளியை மறந்துவிட்டு வந்திருந்தான். அதையும் தைலக்காரர்தான் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தன் வீட்டு மானத்தைக் கழற்றுவதற்குத் தன் வீட்டுக் கருவியையே நீட்டினார். துருப்பிடித்ததை நீட்டவில்லை, நல்லதாகப் பார்த்து, துடைத்து நீட்டினார். வாசலுக்கு வந்தவனிடம் மட்டமான பொருளைக் கொடுத்த பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

தகட்டில் இருந்தது ஒரே ஒரு சொல்: ‘கலப்பில்லாதது’. அவருடைய தாத்தா காலத்தில் தூய்மை ஆய்வகம் கொடுத்தது. கிராம்பை நீராவியில் வேகவைத்து, ஆவியைக் குளிரவைத்து, மிதக்கும் நீரைப் பிரித்துத் தைலம் எடுப்பது அந்தக் குடும்பத்தின் தொழில். அதைவிடப் பெரிய தொழில் நிமிர்ந்து நிற்பது. தைலக் குப்பியை எழுந்து நின்று இரண்டு கையாலும்தான் கொடுப்பார்கள். வாங்குபவரும் அப்படியேதான் வாங்க வேண்டும். பல்வலியில் கன்னம் வீங்கி வரும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாகூட, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தால் முதலில் அதை விட்டுவிட்டுத்தான் குப்பியைத் தொடலாம்.

அப்பேர்ப்பட்ட வீட்டுத் தைலத்தில் எந்திர எண்ணெய் கலந்திருக்கிறது என்று ஆண்டுச் சோதனையில் முடிவு வந்திருந்தது.

இதே தெருவில் பால்காரருக்கும் தேன்காரருக்கும் முன்பே தகடு போயிருந்தது. அன்று தைலக்காரர் வாசலில் நின்று, “கை சுத்தமா இருந்தா எதுக்குக் கழட்டுறான்?” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தார். இன்று தேன்காரர் தன் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் காப்பியோடு, திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழல்வதை ரசித்துப் பார்த்தார்.

“விடுங்கப்பா. தகடு இல்லாம வியாபாரம் நடக்காதா?” என்றான் மகன்.

“நடக்கும்டா. தலையை வெட்டினாலும் உடம்பு கொஞ்ச நேரம் துள்ளத்தான் செய்யும்.”

“வேணும்னா அவங்களைக் கொஞ்சம் கவனிச்சு…”

“அந்த வாக்கியத்தை முடிச்சேன்னா நீ என் மகன் இல்ல.”

மகன் முடிக்கவில்லை.

மறுநாள் தைலக்காரர் புதிதாக வடித்த தைலத்தை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். கண்ணெதிரே மறுசோதனை செய்துகாட்டச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டாம்.

சோதனை அறையின் வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே பெரிய காந்தம் இருப்பதால் இரும்பு எதுவும் கூடாது. சாவி, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, கடைசியில் கொக்கி வைத்த இடுப்புப் பட்டை. வயதான காலத்தில் இடுப்பு சுருங்கிப்போயிருந்தது. ஒரு கையில் குப்பி, மறுகையில் கால்சட்டை என்று தைலக்காரர் உள்ளே நுழைந்தார். முதுகு மட்டும் வளையவில்லை.

“சத்தம் போடாதீங்க. மூத்தவர் இப்பதான் சூடாகிட்டிருக்கார்” என்று ஒருவன் கிசுகிசுத்தான்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தன்னைவிட மூத்தவர் யாரும் தென்படவில்லை. அறையின் நடுவே நிறுவனரின் படத்துக்குக் கீழே ஆளுயரச் சாம்பல்நிற இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. முகப்பு முழுக்க வட்டவட்டக் கண்ணாடி மானிகள். பக்கத்தில் வில்லாக வளைந்த ஒரு குழாய். அந்த வளைவை இரண்டு பக்கமும் கவ்வியபடி ஒரு மின்காந்தம். அடியில் முனகிக்கொண்டே இருக்கும் ஒரு பம்பு. அதுதான் மூத்தவர். நிறை நிறமாலைமானி என்பது காகிதத்தில் உள்ள பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை; அவ்வளவு மரியாதை.

கிசுகிசுத்தவன்தான் அதை இயக்குபவன். கைக்கு எட்டிய தின்பண்டம் எதுவும் அவனிடமிருந்து தப்பாததால் அவனுக்குக் ‘காந்தம்’ என்று பெயர்.

“இது என்னதான் பண்ணுது?” என்றார் தைலக்காரர்.

“ரொம்ப சுலபம் ஐயா. பொருளை ஆவியாக்கி உள்ள விடுவோம். அங்க ஒரு கம்பி பழுக்கக் காய்ஞ்சு எலெக்ட்ரானைத் துப்பிக்கிட்டிருக்கும். அது பட்டதும் ஆவி துண்டு துண்டா உடைஞ்சு மின்னேற்றம் ஆயிடும். அப்புறம் பின்னாலேருந்து ஆயிரக்கணக்கான வோல்ட்ல ஒரு தள்ளு. ஓடுற ஓட்டத்துல வளைவு வருது, காந்தம் திருப்புது. லேசானவன் சட்டுனு திரும்பிடுவான், கனத்தவன் திரும்ப முடியாம வெளிச்சுவர்ல மோதுவான். காந்தத்தோட பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா, ஒவ்வொரு எடைக்காரனா அந்தக் கடைசிச் சந்துல வந்து விழுவான். எவ்வளவு பேர் விழுந்தாங்கன்னு பேனா வரையும்.”

“அதாவது, உடைச்சு, பிடிச்சுத் தள்ளி, சுவர்ல மோதவிட்டு, அப்புறம்தான் நீ யாருன்னு கேக்குறீங்க.”

“ஆமாங்கய்யா. எங்க ஆய்வகமே அப்படித்தான்.”

ஆய்வகத்தின் இயக்குநர் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். இயக்குநர் மூத்தவருக்குத் தலை வணங்கினார். எல்லோரும் வணங்கினார்கள். பிறகு இயக்குநர் உட்கார்ந்தார். ஒரு மணி அடிக்கப்பட்டது. மணி அடித்துவிட்டால் மூத்தவரைக் காக்கவைக்கக் கூடாது என்பது அங்கே விதி.

“குப்பியைக் குடுங்க” என்று இயக்குநர் உட்கார்ந்தபடியே ஒரு கையை நீட்டினார்.

தைலக்காரர் அசையவில்லை. “எங்க வீட்டுத் தைலத்தை உக்காந்துக்கிட்டு வாங்கினவங்க யாரும் கிடையாது. எந்திரிச்சு, ரெண்டு கையால வாங்கணும்.”

“பெரியவரே, இந்த அறையில நான் ஒருத்தருக்குத்தான் எந்திரிப்பேன்” என்று இயக்குநர் இரும்புப் பெட்டியைக் காட்டினார்.

“அப்போ குப்பி என் கையிலயே இருக்கட்டும்.”

“குடுங்க.”

“எந்திரிங்க.”

இவர்கள் இப்படி முறைத்துக்கொண்டிருக்க, மணிச் சத்தத்துக்குப் பழகிப்போன காந்தத்தின் கை தானாகவே திருகைத் திருப்பிவிட்டது. மூத்தவர் உறுமினார். காகிதச் சுருள் நகர்ந்தது. பேனா எழுந்து விழுந்து எழுந்து விழுந்து வரைந்து முடித்தது. காந்தம் காகிதத்தைக் கிழித்து, பழக்கப்படியே தலைகுனிந்து நீட்டினான். இயக்குநரும் பழக்கப்படியே அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார்.

“பாருங்க, வேலி! பதினாலு பதினாலு எடை தள்ளி ஒவ்வொரு கம்பா வரிசையா நிக்குது. இது எந்திர எண்ணெயோட கைரேகை. போன தடவை இந்த வேலிக்கு நடுவுல நூத்தி அறுபத்து நாலுல ஒரு மரமாவது நின்னுச்சு. அது கிராம்புச் சத்து. இந்தத் தடவை அந்த மரமும் இல்ல.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “பெரியவரே, இதுல தைலமே கிடையாது. முழுக்க முழுக்க எந்திர எண்ணெய். இந்த வயசுல இப்படி இறங்கிட்டீங்களே.”

தைலக்காரர் குப்பியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“தைலம் இன்னும் என் கையில இருக்கு.”

இயக்குநர் குப்பியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், நிறுவனரின் படத்தைப் பார்த்தார். படத்திலிருந்துதான் அவருக்குத் தெளிவு வந்திருக்க வேண்டும்.

“பெரியவரே, சாதாரணக் கருவிக்கு உள்ள ஊத்தினாத்தான் தெரியும். மூத்தவருக்கு நீங்க வாசல்ல வந்து நின்னாலே தெரிஞ்சுடும். அவ்வளவு நுட்பம்.”

“காலியா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. இதே வேலி வருதா இல்லையான்னு பாக்கலாம்.”

“காலியா ஓட்டுறதா? மூத்தவரைச் சந்தேகப்படுறதா? அது நிறுவனர் போட்ட முதல் விதியிலேயே தடை. விதி மட்டும் இல்லன்னா நானே ஓட்டியிருப்பேன்.”

வெளியே வந்து இடுப்புப் பட்டையை மாட்டும்போது காந்தம் பக்கத்தில் வந்து நின்றான். கையில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம்.

“மனசுல வெச்சுக்காதீங்கய்யா. குழாய்க்குள்ள காத்து இருந்தா துண்டெல்லாம் இடிச்சுக்கிட்டு நின்னுடும். அதனால பம்பு காத்தை உறிஞ்சிட்டே இருக்கு. பம்புக்குள்ள எண்ணெய் கொதிக்குது. அந்த ஆவி மேல குழாய்க்குத்தான் ஏறும். நடுவுல ஒரு பாத்திரம் இருக்கு. அதுல திரவ நைட்ரஜன் ஊத்தி வெச்சா எண்ணெய் ஆவி அங்கேயே உறைஞ்சு ஒட்டிக்கும்.”

“ஊத்துறீங்களா?”

“நைட்ரஜன் வருதுங்கய்யா. இப்பல்லாம் இயக்குநரோட விருந்தாளிங்களுக்கு ஐஸ்கிரீம் பண்ணவே சரியாப் போயிடுது. ஒரு நிமிஷத்துல உறையும், நாக்குல வெச்சா வெண்ணெய் மாதிரி.” கரண்டியை நக்கினான். “பாத்திரத்துல இப்போ என் சீப்பு இருக்கு.”

“அடப்பாவி! அப்போ எல்லார் சரக்குலயும் தெரியுறது உங்க பம்பு எண்ணெய்டா! போய்ச் சொல்ல மாட்டியா?”

“சொல்லலாம். ஆனா ஐஸ்கிரீம் நின்னுடுமே.”

தைலக்காரர் விடவில்லை. தினமும் ஆய்வகத்து வாசலில் போய் நின்று, குப்பியை உயர்த்திப் பிடித்து, போவோர் வருவோரிடமெல்லாம் காலிக் குழாயின் தீர்ப்பைச் சொன்னார். தேன்காரரும் பால்காரரும்கூட வந்து சேர்ந்தார்கள். வாசலில் கூட்டம் கூடுவது நிறுவனரின் படத்துக்கு அழகல்ல என்பதால், ஆய்வகம் ஒரு குழு அமைத்தது.

குழு மூத்தவருக்குப் பல பொருள்களை ஊட்டியது. ஊற்று நீர்: வேலி வந்தது. இயக்குநரின் திருமண மோதிரத்தில் சுரண்டிய துகள்: வேலி வந்தது. குழுத் தலைவர் குழாயில் ஊதிய மூச்சு: வேலி வந்தது, தலைவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. கருவிதான் அழுக்காக இருக்கிறதோ என்று ஓர் இளம் ஆய்வாளர் கேட்டார். மறுநாள் முதல் அவர் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் பிரிவில் பணியாற்றினார். அங்கே அழுக்கைப் பற்றிப் பேச அவருக்கு முழு உரிமை வழங்கப்பட்டது.

கடைசியில் இயக்குநரே எழுந்து நின்று முடிவை அறிவித்தார்.

“மூத்தவர் பொய் சொல்ல மாட்டார். எல்லாப் பொருள்லயும் எண்ணெய் இருக்குன்னு அவர் சொல்றார்னா, எல்லாப் பொருள்லயும் எண்ணெய் இருக்கு. இயற்கையே அப்படித்தான். இவ்வளவு காலமா இதைக் கலப்படம்னு நெனச்சது நம்ம அறியாமை. மூத்தவரோட தப்பு இல்ல. இன்னையிலிருந்து வேலி இருந்தா சுத்தம். வேலி இல்லாத பொருள் ஏதாவது இருந்தா, அது இயற்கைக்கு விரோதமானது. போலி!”

பறித்த தகடுகள் எல்லாம் திரும்பி வரப்போகின்றன. மூத்தவரின் பொன்விழாவில், பெரிய விருந்தினர் கையால், முதல் தகடு தைலக்காரருக்கு. அவரால்தானே இந்தக் கண்டுபிடிப்பு!

“நம்ம தைலத்துல எண்ணெய் இருக்குன்னு சொல்லித்தான் தகட்டைப் புடுங்கினான். இப்போ எண்ணெய் இருக்குன்னு சொல்லியே குடுக்குறான். இதை வாங்குவீங்களாப்பா?” என்றான் மகன்.

“காரணத்தை எவன் படிக்கப்போறான்? தகட்டைத்தான் பாப்பான்” என்றார் தைலக்காரர். விழாவுக்குப் போட்டுக்கொள்ளத் தன் அப்பாவின் கோட்டை வெயிலில் காயவைத்தார்.

விழாவன்று அறை மின்னியது. வெறும் இரும்புப் பெட்டியைக் காட்டினால் பெரிய விருந்தினருக்கு அலுப்புத் தட்டும் என்று, கண்ணுக்கு விருந்தாக ஏதாவது செய்யச் சொல்லியிருந்தார் இயக்குநர். காந்தம் யோசித்தான். பாத்திரத்திலிருந்து சீப்பை எடுத்துவிட்டு, ஐஸ்கிரீமுக்கு வந்த நைட்ரஜன் முழுவதையும் அதில் ஊற்றினான். வெள்ளைப் புகை பொங்கி வழிந்து, மூத்தவரின் காலடியில் மேகமாய்ப் படர்ந்தது. பெரிய விருந்தினர் குழந்தையைப் போலக் கைதட்டினார்.

தைலக்காரர் முன்னே வந்தார். வழக்கம்போல ஒரு கையில் கால்சட்டை, மறுகையில் குப்பி. இந்த முறை இயக்குநர் எழுந்தார். தைலக்காரர் முழங்கைகளால் கால்சட்டையை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் குப்பியை நீட்ட, இயக்குநர் புகைப்படக்காரர்களுக்காகத் தன் இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கினார். தைலக்காரருக்குச் செத்துப்போன அப்பாவே எதிரில் நின்று வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

மணி அடித்தது. மூத்தவர் உறுமினார். பேனா நகர்ந்தது.

உறைந்த பாத்திரத்தைத் தாண்டி ஒரு துளி எண்ணெய் ஆவிகூட மேலே ஏற முடியவில்லை. நூற்று அறுபத்து நான்கில் கிராம்பு மரம் நெடுநெடுவென்று எழுந்தது. அதைச் சுற்றி அதன் சொந்தத் துண்டுகள் குட்டிகளைப்போல நின்றன. வேலி இல்லை. ஒரு கம்புகூட இல்லை. மூன்று தலைமுறையின் உழைப்பு மறுபடியும் உள்ளபடி காகிதத்தில் வந்திருந்தது.

இயக்குநரின் முகம் வெளுத்தது. பெரிய விருந்தினர் தகட்டைக் கையில் பிடித்தபடி, “என்ன, குடுத்துடலாமா?” என்றார்.

“வேண்டாங்கய்யா. வேலி இல்ல. இது போலி.”

“இந்த ஆளா? பாத்தா யோக்கியன் மாதிரி இருக்காரே.”

“இன்னைக்குத்தான் உங்க எந்திரம் உண்மை பேசியிருக்கு!” என்று தைலக்காரர் கத்தினார். “இதுதான் சுத்தம்! இதுக்கு மேல சுத்தம்னு ஒண்ணு கிடையாது!”

இயக்குநர் பொறுமையாகப் பதில் சொன்னார். “உண்மையா இல்லையான்னு பாக்குறது எங்க வேலை இல்ல, பெரியவரே. விதிப்படி இருக்கான்னு பாக்குறதுதான் எங்க வேலை. அதுலயும் உண்மையைக் கொண்டுவந்து நுழைச்சா, அப்புறம் ஆய்வகம் எதுக்கு?”

அந்த வாசகம் எல்லோருக்கும் மிகவும் பிடித்துப்போனது. கைதட்டல் எழுந்தது. தைலக்காரர் கால்சட்டையைப் பிடித்தபடி அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்து வெளியேறினார். அவசரத்தில் இடுப்புப் பட்டையை வாங்க மறந்துவிட்டார். வாசலில் நின்ற தேன்காரர், “கை சுத்தமா இருந்தா எதுக்குத் திருப்பி அனுப்புறான்?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

பெரிய விருந்தினர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: “புகை பிரமாதம். தினமும் விடுங்க.”

ஆகவே தினமும் விட்டார்கள். மூத்தவர் தினமும் சுத்தமாக ஓடினார். பாலில் வேலி இல்லை, தேனில் வேலி இல்லை, ஊற்று நீரில் வேலி இல்லை. ஊரே போலியாகிவிட்டது. ஆனால் ஆய்வகம் மக்களைக் கைவிடவில்லை. வாசலில் ஒரு சாளரம் திறந்து, ‘தூய்மைத் துளி’ என்று சின்னச் சின்னக் குப்பிகளில் பம்பு எண்ணெயை விற்றது. குப்பியின் மேல் இயக்குநரின் படம். கீழே, ‘ஒரு துளி போதும்’ என்ற வாசகம். முதல் ஆளாக வரிசையில் நின்றவர் தேன்காரர். ஒரு வாரத்தில் தெருவில் எல்லா வாசலிலும் தகடு ஏறிவிட்டது.

தைலக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நான்கு திருகாணித் துளைகள். மருமகள் அவற்றின் மேல் ஒரு நாட்காட்டியை மாட்டிவைத்தாள். அவர் அதைப் பிடுங்கி எறிந்தார். “துளை தெரியட்டும். தப்பு பண்ணவன்தான் மூடணும்.”

துளை எல்லோருக்கும் தெரிந்தது. பேத்தியைப் பெண் பார்க்க வந்த வீட்டாருக்கும் தெரிந்தது. அவர்கள் வாசலில் நின்று அந்த நான்கு துளைகளையும் பார்த்தார்கள். உள்ளே வந்து வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்துபோனார்கள். பேத்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுதிருந்தாலாவது தைலக்காரரால் அதட்டியிருக்க முடியும்.

மறுநாள் காலையில் அவர் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ச் சாளரத்தின் முன் வரிசையில் நின்றார். எல்லோரும் சாய்ந்தும் குனிந்தும் நின்ற அந்த வரிசையில் அவர் ஒருவர்தான் நேராக நின்றார்.

வீட்டுக்கு வந்து, வடித்து வைத்திருந்த தைலப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். பக்கத்தில் மகன் நின்றான்.

“அப்பா, நான் அன்னைக்குப் பாதி வாக்கியம்தான் சொன்னேன். அதுக்கே மகன் இல்லன்னீங்க.”

அவர் தூய்மைத் துளிக் குப்பியைப் பாத்திரத்தில் கவிழ்த்தார். கவிழ்த்தபடியே பிடித்திருந்தார்.

“ஒரு துளி போதும்னு போட்டிருக்குப்பா!”

“நம்ம வீட்டுல எதையும் அரைகுறையாச் செஞ்சு பழக்கமில்ல” என்றார் தைலக்காரர். இன்னொரு குப்பியை எடுத்து அதன் மூடியையும் திறந்தார்.

மறுசோதனையில் பேனா காகிதத்தின் விளிம்பில் போய் இடித்து நின்றது. கிராம்பு மரமே தெரியாத அளவுக்கு வேலி அடர்ந்து நின்றது. இப்படிப்பட்ட தூய்மையை மூத்தவர் பார்த்ததே இல்லை என்று இயக்குநர் கண்கலங்கினார். பழையதைவிடப் பெரிய தகடாக வந்தது. நான்கு துளை போதாமல் புதிதாக இரண்டு போட வேண்டியிருந்தது. இந்த முறை வந்தவன் திருப்புளியை மறக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள், காப்பியைக் குடித்தார்கள்.

அன்று சாயங்காலம் தையல்காரம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழக்கப்படி கன்னத்தை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். பஞ்சைத் தைலத்தில் நனைத்துப் பல்லில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பஞ்சை எடுத்து மோந்து பார்த்தார்.

“என்னங்கய்யா இது? என் தையல் மிஷினுக்கு விடுற எண்ணெய் வாசனை அடிக்குதே?”

தைலக்காரர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையால் வாசலில் இருந்த தகட்டைக் காட்டினார்.

“உங்க மூக்கை என்னைக்காவது ஆய்வகத்துல குடுத்துச் சோதிச்சிருக்கீங்களாம்மா?”